துணைக்கு ஒரு இருக்கை

லண்டன். 2024 ஜனவரி 20, சனிக்கிழமை இரவு. ஈஸ்ட்ஹாம் பகுதியின் வரிசை வீடு ஒன்றில் சமையலறை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மேசைமேல் ஒரு லேப்டாப், நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம், ஆறிப்போன டீ. ஐம்பத்தெட்டு வயதுக் கணக்கர் ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாடியில் மனைவியும் தூங்கவில்லை. "ஆச்சாங்க?" என்று இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டார். ஆகவில்லை. மணி பன்னிரண்டு அடிக்க வேண்டும். அடித்தால்தான் 355 நாள் கழித்து, 2025 ஜனவரி 10 அன்று சென்னைக்குப் புறப்படும் விமானத்தில், பணத்துக்குப் பதில் புள்ளிகளைக் கொடுத்து வாங்கும் இருக்கைகள் திறக்கும்.

பன்னிரண்டு அடித்தது. சில நிமிடங்களில் வேலை முடிந்தது. பிசினஸ் கிளாஸில் இரண்டு இருக்கைகள். ஒன்றுக்குச் சேர்த்துவைத்த புள்ளிகள். மற்றொன்று கிரெடிட் கார்டு நிறுவனம் தந்த துணைப் பயணிச் சீட்டுக்கு, புள்ளி ஏதுமில்லாமல். இருபத்து நான்கு ஆண்டுகளாக எகானமி வகுப்பில் முழங்காலை மடக்கிக்கொண்டே ஊருக்குப் போய்வந்த தம்பதி, முதல்முறையாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகப்போகிறார்கள். அவர் மாடிப்படியின் அடியில் நின்று, "ஆச்சு" என்றார்.

ஆடம்பரத்துக்காக ஆரம்பித்த காரியம் அல்ல இது. மனைவி அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். நோயாளிகளைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்தே முதுகெலும்பு தேய்ந்தவர். 2019-ல் அறுவைச் சிகிச்சை நடந்தது. லண்டனிலிருந்து சென்னைக்குப் பத்து மணி நேரத்துக்கும் கூடுதலாக உட்கார்ந்தே போக வேண்டும். போய் இறங்கிய பிறகு மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள ஊருக்கு இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போன முதல் மூன்று நாளை அம்மா வீட்டுக் கட்டிலில் படுத்தே கழித்தார். மூன்று வார விடுப்பில் மூன்று நாள் என்பது கொஞ்சமல்ல.

பிசினஸ் கிளாஸில் இருக்கை படுக்கையாக மாறுவது ஒன்றும் புதிதல்ல. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-த்திலேயே அந்த வகுப்பில் முழுதாக நீளும் படுக்கையைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஒருவர் போய்வரவே பல ஆயிரம் பவுண்டு ஆகும். நர்ஸும் கணக்கரும் அதற்காகச் செலவழிக்கக் கூடிய தொகை அல்ல அது. இந்த இடத்தில்தான் கிரெடிட் கார்டு வந்தது.

பிரிட்டனில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் சேர்ந்து இரண்டு அட்டைகளை வழங்குகின்றன. ஆண்டுக் கட்டணம் இல்லாத அட்டையில் ஒரு பவுண்டு செலவுக்கு ஒரு புள்ளி. கட்டணம் உள்ள அட்டையில் ஒன்றரைப் புள்ளி. புள்ளிகளுக்கு ஏவியோஸ் என்று பெயர். 2011-ல் வைத்த பெயர் இது. கட்டண அட்டையின் உண்மையான கவர்ச்சி புள்ளியில் இல்லை. ஒரே ஆண்டில் குறிப்பிட்ட தொகையைச் செலவழித்தால் ஒரு துணைச் சீட்டு கிடைக்கும். அதைக் காட்டினால் இருவருக்கான பயணத்தில் ஒருவருக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் போதும். எந்த வகுப்பாக இருந்தாலும் சரி. சீட்டுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. நம் கணக்கர் சேர்ந்த 2022-ல் இந்த அட்டைக்குக் கட்டணம் 250 பவுண்டு. சீட்டு பெறச் செலவழிக்க வேண்டியது 10,000 பவுண்டு. பின்னர் கட்டணம் 300 ஆகவும் செலவு இலக்கு 15,000 ஆகவும் உயர்ந்தன.

பத்தாயிரம் பவுண்டு என்றதும் மனைவி பயந்துபோனார். "அவ்வளவு செலவு பண்ணிட்டு ஓசியில போறோம்னு சொல்றீங்களே!" அவர் நீல நோட்டைப் பிரித்துக் காட்டினார். மளிகை, பெட்ரோல், கார் இன்ஷூரன்ஸ், காஸ், மின்சாரம், மகனின் கல்லூரி விடுதிச் செலவு. எப்படியும் கையைவிட்டுப் போகும் பணம்தான். வழியை மட்டும் மாற்றினால் போதும். நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று விதிகளை எழுதிவைத்தார்: அட்டை இருக்கிறதே என்று எதையும் வாங்கக் கூடாது, மாதா மாதம் முழுப் பாக்கியையும் கட்டிவிட வேண்டும், ஒரு மாதம் தவறினாலும் அட்டையை வெட்டிப் போட்டுவிட வேண்டும். பாக்கி வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 30 சதவீத வட்டி. அந்த வட்டியைக் கட்டிக்கொண்டு புள்ளி சேர்ப்பவர், பிசினஸ் கிளாஸில் போகும் வேறு யாருக்கோ டிக்கெட் வாங்கித் தருகிறார் என்று பொருள்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பது அந்த வீட்டில் ஒரு சடங்காயிற்று. சூப்பர் மார்க்கெட்டின் நெக்டர் புள்ளிகளையும் 2021 முதல் ஏவியோஸாக மாற்றலாம். நானூறு கொடுத்தால் இருநூற்றைம்பது. அதுவும் நோட்டில் ஏறியது. தெருமுனைத் தமிழ்க் கடையில் மட்டும் வேலை ஆகவில்லை. முருங்கைக்காயும் பொன்னி அரிசியும் வாங்கிவிட்டு அவர் அட்டையை நீட்டினால் கடைக்காரர் தலையாட்டிவிடுவார். "இந்தக் கார்ட் வேண்டாம் அண்ணா. கமிஷன் கட்டி ஏலாது. வேற கார்ட் தாங்கோ, இல்லையெண்டா காசு தாங்கோ."

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்தச் சலுகையின் அடிவாரம் அவருக்குப் புரிந்திருந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரிந்திருக்காது. விசா, மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டுகளில், கடைக்காரரின் வங்கி அட்டை தந்த வங்கிக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு 2015 டிசம்பரில் 0.3 சதவீத உச்சவரம்பு வந்தது. அட்டையைத் தானே வழங்கி, கடைக்காரரோடும் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் முறை அந்த வரம்புக்குள் வராது. அட்டைக்காரரிடம் கூடுதல் கட்டணம் வாங்கி அதைச் சரிக்கட்டவும் 2018 ஜனவரி முதல் கடைகளுக்கு அனுமதி இல்லை. ஆக, கடைக்காரருக்கு இரண்டே வழி. அட்டையை மறுக்க வேண்டும், அல்லது எல்லோருக்கும் சேர்த்து விலையை ஏற்ற வேண்டும். ஏற்றினால், சில்லறையை எண்ணிக் கொடுத்துப் பால் வாங்கும் கிழவியும் யாரோ ஒருவரின் பிசினஸ் கிளாஸ் படுக்கைக்கு ஒரு பென்னி கொடுக்கிறாள். கணக்கர் இதை அறிந்தவர். அறிந்தும் சேர்த்தார். "நான் சேர்க்கலேன்னா மட்டும் பால் விலை குறையுமா?" என்பது அவருடைய வாதம். கொஞ்சம் பலவீனமான வாதம்தான் என்று அவருக்கும் தெரியும்.

விமான நிறுவனம் ஏன் இருக்கையைக் கொடுக்கிறது என்பது இன்னொரு கேள்வி. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் கணக்கில் பரிசு தரும் திட்டத்தைத் தொடங்கியபோது, நோக்கம் எளிமையாக இருந்தது: வாடிக்கையாளர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடக் கூடாது. பிறகு மைலே சரக்காகிவிட்டது. விமான நிறுவனம் புள்ளிகளை மொத்தமாக அட்டை நிறுவனத்துக்கு விற்கிறது. அட்டை நிறுவனம் அவற்றைச் சில்லறையாகப் பங்கிடுகிறது. விமானம் பறப்பதற்கு முன்பே, சில சமயம் ஆண்டுக்கணக்கில் முன்பே, பணம் வந்துவிடுகிறது.

இலவச இருக்கையை எண்ணாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று பிரிட்டனுக்குத் தெரியும். 1992-ல் ஹூவர் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை, நூறு பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் போகவர இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்று அறிவித்தது. முதலில் ஐரோப்பா, பிறகு அமெரிக்கா. வீட்டில் ஒரு வாக்குவம் கிளீனர் இருந்தவர்களும் இன்னொன்று வாங்கினார்கள். நிறுவனத்துக்கு ஏறத்தாழ ஐந்து கோடி பவுண்டு நஷ்டம். வழக்குகள் பல ஆண்டு நடந்தன. அமெரிக்கத் தாய் நிறுவனம் 1995-ல் ஐரோப்பிய ஹூவரையே விற்றுவிட்டது.

இன்றைய திட்டங்களில் அந்தக் குழி மூடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நெடுந்தூர விமானத்திலும் புள்ளிகளுக்கென்று பிசினஸ் கிளாஸில் குறைந்தது 4 இருக்கைகள் என்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் உறுதி தருகிறது. கூடுதலாகத் திறப்பதும் திறக்காததும் அதன் விருப்பம். பொங்கல், கிறிஸ்துமஸ், பள்ளி விடுமுறை நாட்களில் அந்த நான்கும் திறந்த சூட்டிலேயே போய்விடும். அதனால்தான் நள்ளிரவு விழிப்பு. திரும்பி வரும் நாளுக்கும் 355 நாள் கணக்கு தனியாக உண்டு. போகும் இருக்கையைப் பிடித்தவர், வரும் இருக்கை இல்லாமல் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் தம்பதி மூன்று வாரம் காத்திருந்தார்கள். பிப்ரவரி 11 அன்று, அடுத்த ஆண்டு ஜனவரி 31-க்கான இருக்கைகளும் சேர்ந்தன. நீல நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது.

அன்று மாலையே ஊருக்கு வீடியோ கால் போட்டார்கள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. தம்பி கைபேசியைப் பிடித்துக்கொள்ள, அவர் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார். நெற்றி மட்டும்தான் தெரியும்.

"படுத்துக்கிட்டே வரலாமாமே பாப்பா? மன்னை எக்ஸ்பிரஸ்ல பெர்த்து இருக்கே, அது மாதிரியா?"

"அதைவிட நல்லா இருக்கும்மா. தலகாணி, போர்வை எல்லாம் குடுப்பாங்க."

"துணைக்கு வர்றவங்களுக்குக் காசு இல்லைன்னு தம்பி சொன்னான். யாரு யாருக்குத் துணை? மாப்பிள்ளைக்கு நீயா, உனக்கு மாப்பிள்ளையா?"

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கர் சிரித்துக்கொண்டே சரியான பதிலைச் சொன்னார். அட்டை அவர் பெயரில் இருக்கிறது. மனைவியிடம் இருப்பது கூடுதல் அட்டை. சீட்டு முதன்மை அட்டைக்காரருடையது. அவர் பயணம் செய்தே ஆக வேண்டும். ஆகவே விதிப்படி அவர்தான் பயணி, மனைவி துணை. "அது சரி. யாரா இருந்தா என்ன, ரெண்டு பேரும் படுத்துக்கிட்டு வந்து சேருங்க" என்றார் அம்மா. தை மாதம் வரை நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இடையில் கணக்கர் ஒரு வேலை செய்தார். எவ்வளவு மிச்சம் என்று உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த அட்டைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு கணக்குச் சொல்வார்கள்: இரண்டு பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டின் விலையிலிருந்து கட்டிய தொகையைக் கழி, வருவது மிச்சம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த விலையைக் கொடுத்து அவர் ஒருநாளும் டிக்கெட் வாங்கியிருக்க மாட்டார். வாங்காத பொருளில் மிச்சம் ஏது? எகானமி டிக்கெட்டோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

துணைச் சீட்டு புள்ளியைத்தான் பாதியாக்கும். வரியையும் கட்டணங்களையும் இருவருக்கும் முழுதாகக் கட்ட வேண்டும். பிரிட்டனில் 1994-ல் விமானப் பயணி வரி தொடங்கியபோது நெடுந்தூரத்துக்கு 10 பவுண்டுதான் இருந்தது. 2024 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் இந்தியா போன்ற தூரத்துக்கு எகானமியில் 88 பவுண்டாக இருந்தது. அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 194. புள்ளி கொடுத்துப் போனாலும் இந்த வரிக்கு விலக்கு இல்லை. விமான நிறுவனத்தின் கட்டணங்களும் சேர்ந்து இருவருக்கும் ஆயிரம் பவுண்டை நெருங்கிவிட்டது. அட்டையின் ஆண்டுக் கட்டணம் 250. பல ஆண்டு சேர்த்த லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் தனி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், இருவர் எகானமியில் போய்வரும் செலவுக்கு மிக அருகில் வந்தது. அவருக்கு ஏமாற்றம் இல்லை. எகானமி விலையில் படுக்கை. நல்ல வியாபாரம்தான். இலவசம் மட்டும் அல்ல. 'இலவசம்' என்று நோட்டில் எழுதியிருந்த சொல்லை அடித்துவிட்டு, 'முன்பணம்' என்று எழுதினார்.

2024 அக்டோபர் மத்தியில் ஒரு நாள், அதிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கு அந்த நேரத்து மணியின் பொருள் தெரியும். எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். தம்பிதான் பேசினார். "அக்கா..." என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

கணக்கர் சமையலறைக்கு வந்து அதே மேசையில் லேப்டாப்பைத் திறந்தார். பழக்கத்தில் முதலில் புள்ளிப் பக்கத்தைத்தான் பார்த்தார். அன்றைக்குச் சென்னை விமானத்தில் புள்ளிகளுக்கு ஒரு இருக்கையும் இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. ஜனவரிப் பயணத்துக்குப் புள்ளிகளும் சீட்டும் ஏற்கெனவே போய்விட்டன. அந்தப் பயணத்தை ரத்துசெய்யலாம். ஆளுக்கு 35 பவுண்டு பிடித்துக்கொண்டு புள்ளியையும் சீட்டையும் திருப்பித் தருவார்கள். தந்தாலும் சீட்டைக் கொண்டு மனைவி தனியாகப் போக முடியாது. 2021 செப்டம்பரிலிருந்து விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். துணையில்லாமல் ஒருவர் மட்டும் பயணம் செய்தாலும் பாதிப் புள்ளி போதும். ஆனால் அந்த ஒருவர் முதன்மை அட்டைக்காரராக இருக்க வேண்டும். அம்மா செத்துப்போனது மனைவிக்கு. அட்டை கணவருக்கு.

வளைகுடா வழியாகப் போகும் ஒரு விமானத்தில் அன்று மதியத்துக்கு ஒரே ஒரு இருக்கை கிடைத்தது. எகானமி, நடு வரிசை, நடு இருக்கை. விலை வழக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். யோசிக்கவில்லை, கட்டினார். கட்டிய அட்டை அதேதான். அந்தத் தொகைக்கும் ஒன்றரை மடங்கு புள்ளி விழுந்தது. மாதக் கடைசியில் அதை நோட்டில் ஏற்றும்போது அவருக்குக் கை கூசியது.

ஊரில் அக்காவுக்காக ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். லண்டனில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து ஊர்ப் பந்தலில் போய் நிற்கும்வரை இருபத்தாறு மணி நேரம். சென்னையிலிருந்து டாக்சியில் பின்சீட்டில் படுத்துப் பார்த்தார், முடியவில்லை. காரிலிருந்து இறங்கும்போது கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடு வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அன்று முதுகு வலித்ததா என்று பிறகு யாரோ கேட்டபோது, நினைவில்லை என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நவம்பரில் லண்டனுக்குத் திரும்பினார். ஜனவரி நெருங்கிவிட்டது. போவதா வேண்டாமா? துக்க ஆண்டு, வீட்டில் பொங்கல் கிடையாது. போய் என்ன செய்வது? எழுபது பவுண்டோடு போகட்டும், ரத்துசெய்துவிடலாம் என்று கணவர் சொன்னார். மனைவி ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் டூட்டி முடிந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "போவோங்க. அம்மா நாள் எண்ணிக்கிட்டு இருந்தாங்க. நாமளாவது போய்ச் சேருவோம்."

2025 ஜனவரி 10 அன்று போனார்கள். சொன்னபடி எல்லாம் இருந்தது. தலையணை, போர்வை, பீங்கான் தட்டில் சாப்பாடு. பணிப்பெண் வந்து படுக்கையை விரித்துக் கொடுத்தார். வாழ்நாள் முழுதும் பிறருக்குப் படுக்கை விரித்த நர்ஸ், "பரவாயில்லம்மா, நானே போட்டுக்கறேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். விளக்கை அணைத்த பிறகு கணக்கர் நெடுநேரம் விழித்திருந்தார். மனைவி அழுவார் என்று நினைத்தார். அவர் ஆறு மணி நேரம் ஒரே தூக்கமாகத் தூங்கினார். அக்டோபருக்குப் பிறகு அவ்வளவு நேரம் தூங்கியது அன்றுதான்.

ஊரில் இறங்கிய அன்றே அம்மாவின் அறையைத் திறந்து பெருக்கினார். கட்டிலில் படுக்கத் தேவை ஏற்படவில்லை. மூன்று நாள் மிச்சமாகியிருந்தது. எந்த மூன்று நாளை அம்மாவோடு உட்கார்ந்து பேசலாம் என்று ஓராண்டாகத் திட்டம் போட்டாரோ, அதே மூன்று நாள். அலமாரியில் ஒரு தினசரிக் காலண்டர் இருந்தது. 2024-ன் தாள்கள் அக்டோபர் மத்திவரை கிழிக்கப்பட்டிருந்தன. மீதித் தாள்கள் அப்படியே இருந்தன.

வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இந்த அட்டைகளைக் கவனமாகப் படிப்பதில் வல்லவர்கள். எந்த அட்டை, எத்தனை புள்ளி, எந்த நள்ளிரவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தப்பில்லை. கடன் வைக்காமல், கணக்குத் தவறாமல் செய்கிறவருக்கு அது உண்மையிலேயே பலன் தருகிறது. தேய்ந்த முதுகுக்குப் படுக்கை கிடைக்கிறது. ஆனால் அதற்கு முதல் தேவை பணம் அல்ல, 355 நாளை முன்கூட்டியே அறிந்த வாழ்க்கை. கல்யாணத்தை அப்படி அறியலாம், விடுமுறையை அறியலாம். ஊரைவிட்டு வந்தவர் மறக்க முடியாதபடி செய்கிற பயணங்கள் அதிகாலை மூன்று மணிக்கு முடிவாகின்றன. அந்தப் பயணத்துக்குப் புள்ளி இல்லை, துணைச் சீட்டு இல்லை. கையில் பணம்தான் இருக்க வேண்டும்.

லண்டன் திரும்பிய அடுத்த மாதம் கணக்கர் நோட்டை எடுத்தார். இலக்கு 15,000 ஆகிவிட்டது, கட்டணம் 300 ஆகிவிட்டது. மகன் படிப்பு முடியப்போகிறது. வீட்டுச் செலவு அந்த அளவை எட்டாது. எட்டுவதற்காகச் செலவழித்தால் முதல் விதி உடையும். கட்டண அட்டையை விட்டுவிட்டுப் பழையபடி கட்டணமில்லா அட்டைக்குப் போனார். மிச்சமாகும் 300 பவுண்டோடு மாதம் ஒரு தொகையைச் சேர்த்து வங்கியில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கினார். இருவர் பெயரிலும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இன்னொருவர் கூட இருக்க வேண்டியதில்லை.

கணக்குக்கு என்ன பெயர் வைப்பது என்று வங்கியின் படிவம் கேட்டது. அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி தோள்மேல் எட்டிப் பார்த்தார். ஊரில் அவருடைய அப்பா இல்லை, இப்போது அம்மா இல்லை. கணவருக்குக் கும்பகோணத்தில் அண்ணனும், எண்பத்திரண்டு வயது அம்மாவும் இருக்கிறார்கள்.

"அத்தை பேர வைங்க" என்றார்.